50 ஓம் லோடுக்கு எந்த ரெசிஸ்டர்?

இறுதியாண்டு புரொஜெக்டுக்கு அன்டனா செய்கிறீர்களா? அதை அளக்கும் சின்னக் கருவியான நானோ விஎன்ஏயோடு, கருவியின் அளவைச் சரிசெய்ய 50 ஓம் காலிப்ரேஷன் லோடு ஒன்று வரும். அது தொலைந்துவிட்டால் வீட்டிலேயே ஒன்று செய்துகொள்ளலாம். நானும் அதைத்தான் செய்தேன். வைவாவில் அன்டனாவை விட இந்தச் சின்னச் சாமானைத்தான் துருவித் துருவிக் கேட்டார்கள்.

நீளக் கம்பிக் கால் உள்ள ரெசிஸ்டர் வேண்டவே வேண்டாம். ஒரு மில்லிமீற்றர் கம்பிக்கு ஏறத்தாழ 1 நானோஹென்றி இண்டக்டன்ஸ்; 1 கிகாஹேர்ட்ஸில் அதுவே 6 ஓமுக்கு மேல். இரண்டு பக்கமும் மூன்று மூன்று மில்லிமீற்றர் விட்டால் கணக்கு நீங்களே போட்டுப் பாருங்கள். வயர்வூண்ட் பற்றிப் பேசவே தேவையில்லை, அது சுருளேதான்.

ஆகவே கம்பிக் காலே இல்லாத சிப் ரெசிஸ்டர். 100 ஓமில் இரண்டு எடுத்து, எஸ்எம்ஏ கனெக்டரின் (விஎன்ஏயில் திருகி மாட்டும் சின்ன இணைப்பி) நடு ஊசிக்கு இரு பக்கமும் கிரவுண்டோடு ஒட்டுங்கள். பக்கவாட்டில் இணைவதால் 50 ஓம் கிடைக்கும், இண்டக்டன்ஸும் ஏறக்குறைய பாதியாகும். 0805 என்ற சிப் அளவு கைக்கு வசதி. அதைவிடச் சின்ன 0603 இன்னும் நல்லது, ஆனால் தும்மினால் காணாமல் போய்விடும்.

கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் வாங்கும்போது ஒரு சதவீத ரகம் (பெறுமானம் ஒரு சதவீதத்துக்கு மேல் விலகாதது) என்று சொல்லிக் கேளுங்கள். "ரெண்டும் ஒண்டுதான் தங்கச்சி" என்பார்கள். சிப்பின் முதுகைப் பாருங்கள், எல்லாம் 100 ஓமைத்தான் குறிக்கும்: 101 என்றிருந்தால் பெரும்பாலும் ஐந்து சதவீதம், 1000 அல்லது 01A என்றிருந்தால் ஒரு சதவீதம். லோடு 52.5 ஓமாக இருந்தால் அதன் ரிட்டர்ன் லொஸ் (அனுப்பிய சிக்னலைவிடத் திரும்பி வருவது எவ்வளவு குறைவு என்ற அளவு, கூடினால் நல்லது) 32 டெசிபல்தான். அதை வைத்துக் காலிப்ரேட் செய்துவிட்டு அன்டனாவுக்கு 20 டெசிபல் என்று எழுதினால், உண்மை 18க்கும் 22க்கும் இடையில் எங்கேயும் இருக்கலாம். 50.5 ஓம் என்றால் 46 டெசிபல், பயமில்லை.

கொஞ்சம் கூடுதலாக வாங்கி, மல்ட்டிமீற்றரில் அளந்து சோடி சேருங்கள். முதலில் இரண்டு புரோபையும் தொடவைத்து வரும் தடையைக் கழிக்க வேண்டும். சோல்டர் செய்து ஆறியபின் இன்னொரு தடவை அளந்து பாருங்கள். சூட்டில் பெறுமானம் நகரலாம்.

அப்புறம் அந்த வைவாக் கேள்வி: "காலிப்ரேட் செய்தபின் இதே லோடை மாட்டினால் அருமையாகக் காட்டுகிறதே, அப்போ இது நல்ல லோடுதானே?" இல்லை. இதுதான் 50 என்று நீங்கள் சொன்னதை விஎன்ஏ திருப்பிச் சொல்கிறது, அவ்வளவுதான். லாபிலுள்ள நல்ல காலிப்ரேஷன் கிட்டால் காலிப்ரேட் செய்துவிட்டு உங்கள் லோடை அளந்து பாருங்கள். விஎன்ஏ காட்டும் வட்ட வரைபடமான ஸ்மித் சார்ட்டில் நடுப்புள்ளிதான் சரியான 50 ஓம்; புள்ளி நடுவிலிருந்து மேலே போனால் இண்டக்டன்ஸ், கீழே போனால் கபாசிட்டன்ஸ். எந்த அதிர்வெண்ணில் விலகத் தொடங்குகிறதோ, அதை அறிக்கையில் எழுதிவிடுங்கள்.