ஃபைட்டரின் வாலும் என் நீல மருந்தும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால் எங்கள் வீட்டு ஃபைட்டர் மீனின் வால் கிழிந்திருந்தது. கொளத்தூரில் வாங்கி நாலு மாதம்தான் ஆகியிருந்தது. கருநீல உடம்பு, விரித்தால் அரைவட்டமாக நிற்கும் சிவப்பு வால், அதன் கீழ்ப்பக்கம் தையல் விட்ட பாவாடை மாதிரி ஒரு பிளவு. தொட்டியில் அவன் ஒருவன்தான், கடிக்க வேறு ஆளில்லை. அப்புறம்தான் உள்ளே இருந்த பிளாஸ்டிக் செடி மேல் சந்தேகம் வந்தது. வெளியே எடுத்து வீட்டிலிருந்த பழைய நைலான் துப்பட்டாவை அதன் மேல் இழுத்துப் பார்த்தேன், இரண்டு இடத்தில் நூல் மாட்டியது. துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிற இலை ஃபைட்டர் வாலை விட்டுவைக்குமா? வாங்கின அன்றே செய்திருக்க வேண்டிய சோதனை.

செடியை எடுத்ததோடு நிறுத்தியிருக்கலாம். கை சும்மா இருக்கவில்லை. மீன் கடைக்குப் போன் போட்டேன். "ப்ளூ நாலு சொட்டு விடுங்கண்ணே, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றார். ப்ளூ என்றால் மெத்திலீன் ப்ளூ, மீன் வளர்ப்பவர்கள் வைத்திருக்கிற நீல மருந்து. நாலுக்கு எட்டாக, நேராகத் தொட்டியிலேயே விட்டேன். போதாக்குறைக்கு ஸ்பாஞ்ச் ஃபில்டர் அழுக்காக இருக்கிறதே என்று குழாயடியில் வைத்துப் பிழிந்து பிழிந்து கழுவினேன். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த அழுக்கில்தான் குடியிருக்கிறது. மெத்திலீன் ப்ளூவுக்குப் பிழைத்தவை குழாய்த் தண்ணீரின் குளோரினில் போயிருக்கும். நாலாம் நாள் டெஸ்ட் கிட்டில் மஞ்சளாக நிற்க வேண்டிய தண்ணீர் பச்சையாக மாறியது. மீனுக்கு விஷமான அம்மோனியா ஏறிவிட்டது. வாலின் ஓரம் வெளுத்து, நூல் நூலாகப் பிரிந்து, நாளுக்கு நாள் குட்டையாகிக்கொண்டே வந்தது.

கிழிசல் வேறு, அழுகல் வேறு. வெறும் கிழிசல் கத்தரியால் வெட்டின மாதிரி சுத்தமாக இருக்கும், அளவும் அப்படியே நிற்கும். அழுகல் பாக்டீரியா வேலை: ஓரம் வெள்ளையாகவோ கறுப்பாகவோ சிவந்தோ இருக்கும், உள்நோக்கித் தின்றுகொண்டே போகும். வால் உடம்போடு சேருகிற அடிவரை போய்விட்டால் திரும்ப ஒழுங்காக வளர்வது சந்தேகம். என் மீனுக்கு வந்தது முதலில் கிழிசல். அழுகல் என் கைவண்ணம்.

அதற்கப்புறம் செய்ததெல்லாம் பெரிய வைத்தியம் இல்லை. தினமும் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆன்டி குளோரின் சொட்டு விட்ட புதுத் தண்ணீர். லிட்டருக்கு 1 கிராம் கணக்கில் கல் உப்பு, தனியாகக் கரைத்து. உப்பு ஆவியாகாது, அதனால் எடுத்த தண்ணீருக்கு மட்டும்தான் மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாரத்தில் தொட்டி கடலாகிவிடும். தெருக்கோடியில் இருக்கிற பாதாம் மரத்தடியில் சிவந்து காய்ந்து விழுந்த இலை இரண்டைக் கழுவிப் போட்டேன். அம்மா வந்து பார்த்துவிட்டு, "என்னடா, டீத் தண்ணியில மீன விட்டு வச்சிருக்க?" என்றாள்.

ஒன்பதாம் நாள் ராத்திரி போன் டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்க்கிறேன், சிவப்பு முடிகிற இடத்துக்கு வெளியே கண்ணாடி போல ஒரு விளிம்பு, நகம் வெட்டிப்போட்ட கீற்று அளவுக்கு. முதலில் பயந்துதான் போனேன், பாட்டிலைத் தேடிக் கை போய்விட்டது. நல்லவேளை, அது பூஞ்சையும் இல்லை, அழுகலும் இல்லை. புதுசாக முளைக்கிற துடுப்பு அப்படித்தான் நிறமில்லாமல் வரும், நிறம் பின்னாலேயே வரும்.

இது எப்படி நடக்கிறது என்று அன்றைக்கு உட்கார்ந்து படித்தேன். இந்த விஷயத்தில் விஞ்ஞானிகளுக்கு ரொம்பப் பிடித்த மீன் ஸீப்ரா டேனியோ, நம் கங்கைப் பக்கத்து ஓடைகளில் திரிகிறதுதான். வாலை வெட்டினால் ஒரு நாளைக்குள் தோல் மூடிவிடுகிறது, அடுத்த இரண்டு மூன்று நாளில் அதற்குக் கீழே முளை போல ஒரு செல்கூட்டம் சேர்கிறது, அதிலிருந்து எலும்புக் கம்பிகள் கணுக் கணுவாக நீள, நடுவில் சவ்வு படர்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மூன்று வாரத்தில் முழு வால். வேடிக்கை என்னவென்றால், நுனியில் வெட்டினால் மெதுவாகவும் அடியில் வெட்டினால் வேகமாகவும் வளர்கிறது, எவ்வளவு போயிற்று என்று வாலுக்கே தெரிகிற மாதிரி. தங்கமீனின் துடுப்பு இப்படி வளர்வதை ப்ரூசொனே என்ற பிரெஞ்சுக்காரர் 1786லேயே எழுதிவிட்டார். ஸீப்ரா மீன் இதயத்தில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்தில் வளர்த்துக்கொள்கிறது என்று 2002ல் காட்டியிருக்கிறார்கள். நமக்கு ஒரு கடைவாய்ப் பல் போனால் போனதுதான்.

அழுகல் தின்ற நீளமான ஃபைட்டர் வாலுக்கு அத்தனை சீக்கிரம் ஆகவில்லை. சிவப்பு ஏறவே ஆறு வாரம். பழைய கிழிசல் இருந்த இடத்தில் ஒரு கம்பி கொஞ்சம் கோணலாக நிற்கிறது, அந்தக் கோட்டில் மட்டும் நிறம் லேசாகக் கறுத்திருக்கிறது. நீல மருந்து தொட்டி மூலைகளின் சிலிகானில் ஏறினது இன்னும் போகவில்லை. பிளாஸ்டிக் செடி இருந்த இடத்தில் இப்போது ஜாவா பாசி. ராத்திரி விளக்கை அணைத்தால் அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொள்கிறான்.