தை மாதச் சுற்றுப்போட்டியும் என் வலது முழங்காலும்

2022 செப்டெம்பர், ஒரு ஞாயிறு பின்னேரம். வன்னியில் மாங்குளத்துக்குப் பக்கத்து மைதானம் ஒன்றில் உதைபந்தாட்டம் விளையாடிக்கொண்டிருந்தோம். ஒருவரும் என்னை இடிக்கவில்லை. பந்தோடு இடப்பக்கம் வெட்டித் திரும்பினேன், வலது கால் நிலத்தில் பதிந்து நிற்க உடம்பு மட்டும் திரும்பியது, முழங்காலுக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்டதாம். வலி ஒரு பத்து நிமிடம்தான், அப்புறம் நொண்டி நொண்டி நடக்க முடிந்தது, அதனால் பெரிதாக ஒன்றுமில்லை என்று நினைத்துவிட்டேன். இரவாவதற்குள் முழங்கால் பனங்காய் மாதிரி வீங்கிவிட்டது.

இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் எங்கள் பக்கத்துப் பெடியள் நிறையப் பேர் இதே இடத்தில்தான் பிழை விடுகிறார்கள். சத்தம் கேட்டு, சில மணித்தியாலத்துக்குள் வீங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறது, சவ்வு அறுந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அது எனக்கு அப்போது தெரியாது. நாட்டில் எரிபொருள் தட்டுப்பாடு, மோட்டார் சைக்கிளுக்குக் கியூஆர் பங்கீட்டில் கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல்தான் கிடைத்த காலம், பெரியாஸ்பத்திரிக்கு அலைவதை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர் முறிவு நெரிவு வைத்தியரிடம் போனேன். எண்ணெய் போட்டுக் கட்டினார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, எலும்பு முறிந்து அவரிடம் போய் நன்றாக வந்தவர்கள் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு முறிந்தது எலும்பு இல்லையே. மூன்று கிழமையில் வீக்கம் வற்றியது. பயிற்சிக்கு இறங்கினேன், இரண்டாவது தடவை திரும்பும்போதே முழங்கால் கழன்று போனது போல விழுந்தேன்.

அதற்குப் பிறகுதான் கிளினிக். டொக்டர் முதலில் நல்ல காலைக் கொஞ்சம் மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கெண்டைப் பக்கத்தை முன்னால் இழுத்தார். கயிறு விறைத்தது போல டக்கென்று நின்றது. வலது காலை இழுத்தபோது மேசை லாச்சி இழுபடுவது மாதிரி வந்துகொண்டே இருந்தது, நானே கண்ணால் பார்த்தேன். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, அதில் எலும்புதான் தெரியும், சவ்வு தெரியாது. யாழ்ப்பாணம் போய் எம்.ஆர்.ஐ. எடுத்தோம். முழங்காலுக்குள் மேல் எலும்பையும் கீழ் எலும்பையும் பிடித்துவைத்திருக்கும் ஏ.சி.எல். என்கிற சவ்வு முழுதாக அறுந்திருந்தது, அந்த எலும்புகளுக்கு இடையில் மெத்தை போல இருக்கும் மெனிஸ்கஸ் ஓரத்திலும் கிழிவு. அந்தக் கிழிவு இரண்டாவது தடவை விழுந்ததில் வந்திருக்கலாம் என்றார் டொக்டர். முதல் நாளே காட்டியிருந்தால் மெனிஸ்கஸாவது கிழியாமல் மிஞ்சியிருக்கும் என்று இன்றும் கவலைதான்.

சத்திரசிகிச்சை செய்ய வேண்டும் என்றார்கள். தொடையின் பின்பக்க நாணை எடுத்து அறுந்த சவ்வுக்குப் பதிலாக வைப்பார்கள், அதற்குப் பிறகு குறைந்தது ஒன்பது மாதம் விளையாட்டு இல்லை. எங்கள் கழகம் காத்திருந்த சுற்றுப்போட்டியோ தை மாதம். கப்டன் அண்ணை வீட்டுக்கே வந்துவிட்டார். "தம்பி, பட்டி கட்டிக்கொண்டு ரெண்டாம் பாதிக்கு மட்டும் இறங்கு. நீ நடுவில நிண்டாலே போதும்." பாசத்தில்தான் கேட்டார். எனக்கும் ஓம் என்று சொல்லத்தான் ஆசை.

அந்த நேரம் பார்த்து உலகக்கிண்ணம் தொடங்கியது. நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மன் கழகம் பயேர்ன் மியூனிக்குக்கு விளையாடும்போது செனகலின் நட்சத்திர வீரர் சாடியோ மானேக்குக் காலில் அடி. செனகல் அவரை விட மனமில்லாமல் 26 பேர் கொண்ட அணியில் சேர்த்தது, பிறகு 17ஆம் திகதி அவர் இல்லை என்று அறிவித்துவிட்டது. அந்த நாட்களில் நாங்கள் காலையில் எழும்பினால் போனில் முதலில் தேடுவது மானேயின் காலைத்தான். 21ஆம் திகதி இரவு 9.30க்கு செனகலும் நெதர்லாந்தும். தேத்தண்ணிக் கடை ரீவியில் பார்த்தோம். 84ஆவது நிமிடம் வரை கோல் இல்லை, கடைசியில் செனகல் 2-0 என்று தோற்றது. மானே நின்றிருந்தால், மானே நின்றிருந்தால் என்று கடை முழுக்க அதே பேச்சு.

நான் பார்த்துக்கொண்டிருந்தது மற்றப் பக்கத்தை. நெதர்லாந்துக் கப்டன் வான் டைக். 2020 ஒக்டோபரில் இங்கிலாந்துக் கழகம் லிவர்பூலுக்கு விளையாடும்போது அவருக்கும் அறுந்தது இதே சவ்வு, இதே வலது முழங்கால். கொரோனாவால் தள்ளிவைக்கப்பட்ட யூரோ, அதாவது ஐரோப்பிய நாடுகளின் கிண்ணப் போட்டி, 2021 ஜூனில் தொடங்கியது, இடையில் கிட்டத்தட்ட எட்டு மாதம். அவ்வளவு வசதியும் வைத்தியரும் இருந்த மனிதர், கப்டன், போகவில்லை என்று தானே முடிவெடுத்தார். அவர் இல்லாத நெதர்லாந்து செக் குடியரசிடம் தோற்று வெளியேறியது. அவர் பொறுத்திருந்தார், அதனால் அன்றைக்கு உலகக்கிண்ணத்தில் தலைப் பந்துகளை ஒன்றொன்றாக வெட்டி எறிந்துகொண்டு நின்றார். எனக்கோ சத்திரசிகிச்சையே இன்னும் நடக்கவில்லை. திரும்பி வரும் வழியில் அண்ணையிடம் சொன்னேன், நான் தை மாதம் இறங்க மாட்டேன் என்று. கொஞ்ச நேரம் பேசாமல் சைக்கிளை உருட்டினார். "சரி, நீ மற்ற வருசம் வா" என்றார்.

மருந்துத் தட்டுப்பாட்டால் சத்திரசிகிச்சைத் திகதி இரண்டு தடவை தள்ளிப்போய் 2023 மாசியில்தான் நடந்தது. காத்திருந்த நாட்களிலும் காலை முழுதாக நீட்டவும் தொடையைப் பலப்படுத்தவும் சொல்லியிருந்தார்கள், அதை ஒழுங்காகச் செய்தது பிறகு நிறைய உதவியது.

பிறகு வந்ததுதான் உண்மையான வேலை. முதல் கிழமைகளில் குதிக்கால் கீழே மடித்த சாரத்தை வைத்து முழங்காலை நிலத்தை நோக்கி அமத்த வேண்டும், கண்ணீர் வரும். வீக்கத்துக்கு மீன் சந்தையிலிருந்து ஐஸ் வரும், பையைக் கழுவினாலும் மீன் மணம் போகாது. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தையல் மெசினில் தொங்கும் அளவு நாடாவை எடுத்துவந்து இரண்டு தொடையையும் அளந்து கலண்டரில் எழுதுவார். முதல் தடவை வலது தொடை மூன்றரை சென்ரிமீற்றர் குறைவு. பழைய ஜீன்ஸ் காலை வெட்டி மணல் நிரப்பிக் காலில் கட்டித் தூக்கினேன், கிணற்றுக்கட்டில் ஏறி இறங்கினேன், பிறகு இரணைமடுக் குளக்கட்டில் நடை.

மிகவும் கவனமாக இருக்க வேண்டியது மூன்றாம் மாதமளவில். நோ இல்லை, வீக்கம் இல்லை, ஓடலாம் போல இருக்கும். ஆனால் வைத்த நாண் உள்ளே சவ்வாக மாறிக்கொண்டிருக்கும் அந்தக் காலத்தில்தான் அது ஆகப் பலவீனமாக இருக்கும் என்று பிசியோ சொன்னார். பந்து பக்கத்தில் கிடந்தாலும் தொடவில்லை. ஒன்பதாம் மாதம் ஒற்றைக் காலால் பாயச் சொல்லி அளந்தார், இடது காலோடு பார்க்க வலது காணாது, இன்னும் ஒரு மாதம் என்றார். அழுகை வந்தது, ஆனாலும் பொறுத்தேன்.

2024 தை. இரண்டாம் பாதியில் கடைசி இருபது நிமிடம் அண்ணை இறக்கினார். முதல் பந்து வந்ததும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டியிருந்தது, திரும்பினேன், கால் நின்றது. அந்த ஆட்டம் சமநிலையில் முடிந்தது. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு உட்கார, அம்மா நாடாவோடு வந்தார். அரைச் சென்ரிமீற்றர்தான் குறைவு, அதையும் கலண்டரில் எழுதினார்.