பெஞ்சில் சற்று நகர்ந்து உட்காருவது

திருமணமாகி, திருநெல்வேலிப் பக்கத்தில் உள்ள என் கணவரின் கிராமத்துக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, ஆலயத்தில் எந்த வரிசையில் உட்காருவது என்று தெரியாமல் வாசலருகிலேயே நின்றுவிட்டேன். பெண்கள் பக்கத்தில் நான்காவது வரிசையில் இருந்த வயதான அம்மா ஒருவர் ஒன்றும் பேசாமல் சற்று நகர்ந்து இடம் விட்டு, தம்முடைய பாமாலைப் புத்தகத்தை என் பக்கமாகத் திருப்பி வைத்தார்கள்.

அந்தப் பெரியம்மா எனக்கு வேதபாடம் எதுவும் நடத்தியதில்லை. அசனத்துக்கு, அதாவது சபையாரின் பொது விருந்துக்கு, முந்திய இரவு வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது, தம் மாமியாரிடம் தாம் பட்ட பாட்டையும், ஒரு பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த ஆண்டில் ஜெபிக்க வாய் வராமல் கிடந்ததையும் தாமாகவே சொன்னார்கள். நான் அவர்களிடம் சொன்ன எதுவும் எந்தச் சுற்றுவழியிலும் என் காதுக்குத் திரும்பி வரவில்லை என்பது எனக்கு உறைக்கவே சில ஆண்டுகள் ஆயின. அதற்குப் பிறகுதான் சொல்ல வேண்டியதைச் சொல்லத் தொடங்கினேன்.

இப்போது எனக்கு ஏறக்குறைய அவர்களுடைய அன்றைய வயது. மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் சபைக்கு மருமகளாக வந்த ஒரு பெண்ணிடம், ஆராதனை முடிந்து செருப்பு மாட்டும் இடத்தில், “என்னம்மா, விசேஷம் ஏதாவது உண்டா?” என்று நாலு பேர் கேட்க நான்தான் கேட்டேன். அன்பாகக் கேட்பதாகவே நினைத்தேன். அந்த மாதம்தான் அவளுக்குக் கரு கலைந்திருந்தது என்று பின்னால் தெரிந்தது. அதற்குப் பிறகு அவள் டவுனில் உள்ள வேறொரு சபைக்குப் போய்விட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாலியப் பெண்களுக்குப் புத்தி சொல்வது எங்கள் கடமை என்பதற்கு, வேதாகமத்தில் அப்போஸ்தலன் பவுல் தம் உடன்ஊழியர் தீத்துவுக்கு எழுதிய நிருபத்தின் 2-ஆம் அதிகாரத்தைத்தான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் எப்போதும் எடுத்துக் காட்டுவோம். வாலிபருக்கு நீயே புத்தி சொல் என்று தீத்துவிடம் எழுதும் பவுல், பாலியப் பெண்களை முதிர்வயதுள்ள ஸ்திரீகளிடம் ஒப்படைக்கிறார் என்பது உண்மைதான். ஆனால் போதிப்பதைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, அந்த ஸ்திரீகள் அவதூறு பண்ணாதவர்களாயிருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அந்தச் சொல்லை வேகமாக வாசித்துக் கடந்துவிடுவதே எங்கள் வழக்கம்.

பாளையங்கோட்டை சபையின் தொடக்கத்தை நினைத்தால் எனக்கு இன்னும் கூச்சமாக இருக்கும். ஆங்கில அதிகாரி ஒருவருடன் மணமாகாமல் வாழ்ந்த பிராமண விதவையான குளோரிந்தாவுக்கு, அந்த வாழ்க்கையைக் காரணம் காட்டி முதலில் ஞானஸ்நானம் மறுத்த மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர், அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட சபைப் பட்டியலின் 40 பேரில் முதலில் நிற்பது அவருடைய பெயர். 1785-இல் எழும்பிய சிறு ஆலயம் அவர் முயற்சியால் கட்டப்பட்டது. அப்படிப்பட்ட ஒரு பெண் இன்று எங்கள் ஆலயத்துக்கு வந்தால், முதல் பாட்டு முடிவதற்குள் அவருடைய கதை எத்தனை பெஞ்சுகளைக் கடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

எங்களிடம் ஒரு நல்ல வசதி இருக்கிறது. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் ஆலயத்தில் ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, வாசிக்கப்படுவதால், வரப்போகும் மருமகளின் பெயரும் ஊரும் அவள் வந்து இறங்குவதற்கு முன்பே சபை முழுவதற்கும் தெரிந்துவிடுகின்றன. அந்த மூன்று வாரங்களில் சேலையையும் நகையையும் பற்றி விசாரிப்பதற்குப் பதிலாக, முதல் ஞாயிறன்று அவள் பக்கத்தில் யார் உட்காருவது என்பதை முடிவு செய்துவிடலாம். கைக்குழந்தையோடு வருகிறவளுக்கு வேண்டியதும் பெரிய காரியமில்லை. பிரசங்க நேரத்தில் பிள்ளை அழுதால் திரும்பி முறைக்காமல், அதை வாங்கி வெளியே வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோக ஒரு பாட்டி இருந்தால் போதும், அவள் பல மாதங்களுக்குப் பிறகு ஒரு பிரசங்கத்தை முழுதாகக் கேட்பாள்.

சங்கக் கூட்டம் மட்டும் இன்னும் இழுபறியாகவே இருக்கிறது. வியாழக்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டு, வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பக்தி இல்லை என்று பேசுவது நியாயமில்லை என்று சொல்லி, சனிக்கிழமை மாலைக்கு மாற்றக் கேட்டேன். மறுத்தவர்கள் எல்லாரும் என் வயதுக்காரர்கள். சனிக்கிழமை மாலையில்தான் பேரப்பிள்ளைகள் வருவார்களாம். இப்போதைக்கு மாதத்தில் ஒரு கூட்டம் மட்டும் மாறியிருக்கிறது. முதல் முறை இளையவர்கள் மூன்று பேர் வந்தார்கள், ஒருத்தி அலுவலக உடையிலேயே.