செகண்ட் அப்பீல்: எங்கள் வண்டிப் பாதை வழக்கு

எங்கள் வயலுக்குப் போகிற வண்டிப் பாதையைப் பக்கத்துப் பட்டாதாரர் கல் ஊன்றி அடைத்துவிட்டார். முன்சீப் கோர்ட்டில் ஜெயித்தோம். அவர்கள் சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனார்கள், அங்கே தோற்றோம். அன்றைக்கு அப்பா சாப்பிடவே இல்லை.

ஹைகோர்ட் மதுரைக் கிளையில் செகண்ட் அப்பீல் போடலாம் என்றதும், பாதையைப் புதிதாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்கள் இருவரை அழைத்துக்கொண்டு வக்கீலிடம் போனோம். அவர் போட்டோவைக் கையில் வாங்கவில்லை.

"ஐயா, அங்க சாட்சி விசாரணை கிடையாது. என்ன நடந்ததுங்கிறதுக்கு சப் கோர்ட் சொன்னதுதான் கடைசி. சட்டக் கேள்வி முக்கியமா ஒண்ணு இருந்தாத்தான் ஹைகோர்ட் எடுக்கும்."

சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவு இதைத்தான் சொல்கிறது. அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. "நேர்ல நின்னு சொன்னா ஜட்ஜுக்குப் புரியாதா?" என்று பஸ்ஸிலும் கேட்டுக்கொண்டே வந்தார்.

அப்பீல் போடக் கெடு, சப் கோர்ட் தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாள். தீர்ப்பின் சான்றிட்ட நகல் வாங்க ஆகிற நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். நகலில் மனுப் போட்ட தேதி, தயாரான தேதி எல்லாம் முத்திரையில் இருக்கும். குமாஸ்தா அதை வைத்து எண்ணிப் பார்த்தார், எங்களுக்கு 11 நாள் மிச்சம். தீர்ப்பு வந்த வாரமே நகல் மனுப் போட்டுவிடுங்கள். அப்பீல் போட்டதாலேயே பாதை திறந்துவிடாது, இடைக்கால உத்தரவுக்குத் தனி மனு வேண்டும்.

கடைசியில் கைகொடுத்தது 1978-ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம். "வண்டிப் பாதையில் போக்குவரத்து பாத்தியமும் சேர்த்து" என்று அதில் ஒரு வரி. சப் கோர்ட் வாய்மொழி சாட்சியத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்த வரியைத் தொடவே இல்லை. உரிமைக்கு மூலமான பத்திரத்தைப் படிக்காமல் விட்டால் அது சட்டக் கேள்வி ஆகிவிடும் என்றார் வக்கீல், பென்சிலால் அடிக்கோடு போட்டபடி.

2004 ஜூலை 24-இல் மதுரைக் கிளை திறக்கும் முன்பு இதற்கெல்லாம் மெட்ராஸுக்கு ரயிலேற வேண்டும். நாங்கள் விடிகாலை பஸ்ஸில், கிளை இருக்கிற ஒத்தக்கடை போய் இறங்கினோம். விசாரணை ஐந்தாறு நிமிஷம்தான். நீதிபதி அந்த வரியை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், சட்டக் கேள்வியை வகுத்தார், எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ்.

மூன்று வருஷம் கழித்து சப் கோர்ட் தீர்ப்பு ரத்தாகி, முன்சீப் தீர்ப்பு நிலைத்தது. தீர்ப்பு முழுக்க இங்கிலீஷ். நடுவில் பத்திர வாசகம் மட்டும் தமிழிலேயே அச்சாகியிருந்தது. அப்பா அந்த வரியை விரல் வைத்து இரண்டு தடவை வாசித்தார்.