வயல் பதிவுக்கு எது பிரைமரி கீ?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கமக்காரர் பதிவுக்கு டேட்டாபேஸ் கட்டும்போது, அடையாள அட்டை இலக்கத்தையே பிரைமரி கீயாக (ஒவ்வொரு நிரையையும், அதாவது பதிவு வரியையும், தனித்துக் காட்டும் அடையாளமாக) வைக்கத்தான் முதலில் கை போகும். ஆனால் பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். 2016 முதல் வந்ததில் பன்னிரண்டு இலக்கம். அட்டையைப் புதுப்பித்தவர் இரண்டு வடிவிலும் ஏறினால் ஒரே ஆள் இரண்டு நிரையாகிவிடுவார். இடப்பெயர்வில் அட்டையைத் தொலைத்து, இலக்கம் சொல்ல முடியாமல் நிற்பவரும் உண்டு. பிரைமரி கீயை வெறுமையாக விட முடியாது என்பதால் அவருக்காகப் பொய் இலக்கம் அடிப்பார்கள். அந்தப் பொய் மற்ற அட்டவணைகளுக்கும் பரவும்.

ஆகவே தானாக ஏறும் எண்ணே பிரைமரி கீயாக இருக்கட்டும். அடையாள அட்டை நிரலுக்கு யுனிக் (ஒரே இலக்கம் இரண்டு தரம் ஏறாமல் தடுக்கும் விதி) போடுங்கள். மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் அதில் எத்தனை நல் (வெறுமை) வந்தாலும் ஏற்கும். எஸ்கியூஎல் சேர்வர் ஒன்றைத்தான் விடும். பழைய இலக்கத்தைச் சேமிக்குமுன் மாற்றிவிட வேண்டும்: முன்னால் 19, பழைய இலக்கத்தின் முதல் ஐந்துக்குப் பின் ஒரு 0, கடைசி எழுத்து வேண்டாம்.

கூடுதல் கவனம் பசளை வழங்கும் அட்டவணைக்குத்தான் வேண்டும். தானாக ஏறும் எண் மட்டும் இருந்தால், ஒரே வயலை இரண்டு தரம் அடித்தாலும் டேட்டாபேஸ் வாய் திறக்காது. வயல் துண்டு, போகம் இரண்டும் சேர்ந்த கொம்போசிட் கீ அதைத் தடுக்கும். பாதுகாப்புக்கென்று கமக்காரர் எண்ணையும் அதற்குள் சேர்ப்பார்கள், அங்கேதான் பிழை. சேர்த்தால் காணிக்காரர் பெயரில் ஒருதரம், குத்தகைக்காரர் பெயரில் இன்னொருதரம் அதே வயலுக்குப் பசளை போகும். கீ அகல அகலக் காவல் தளரும். ஒரு துண்டை ஒரு போகத்தில் ஒருவர்தான் செய்வார் என்பது விதியானால், கமக்காரர் எண் வெறும் ஃபொறின் கீயாக (கமக்காரர் அட்டவணையில் உள்ள நிரையைச் சுட்டும் எண்ணாக) நின்றால் போதும்.

போகத்தை வருடத்தால் குறிப்பதும் ஆபத்து. ஐப்பசியில் விதைத்த காலபோகத்தை மாசி, பங்குனியில் வெட்டுவோம். ஒருவர் 2024 என்பார், மற்றவர் 2025 என்பார், இரண்டும் உள்ளே போய்விடும். போகத்துக்குத் தனி அட்டவணை வைத்து, ‘காலபோகம் 2024/25’ என ஒரே நிரையாக எழுதி, அதன் எண்ணையே எடுங்கள்.

ஃபொறின் கீக்கு டிலீட் கஸ்கேட் வேண்டாம். ஒரு கமக்காரரை அழித்தால் அவருடைய பழைய போகங்களெல்லாம் கூடவே போய்விடும். எக்ஸலிலிருந்து ஏற்ற வசதியென்று மைஎஸ்கியூஎல்லில் ஃபொறின் கீ சோதனையை நிறுத்துவோர், திரும்பப் போட்டதும் எல்லாம் சரியென்று நம்புகிறார்கள். இடையில் ஏறிய நிரைகளை அது திரும்பிப் பார்க்காது. லெஃப்ட் ஜொயின் (மற்ற அட்டவணையில் இணை இல்லாத நிரைகளையும் காட்டும் தேடல்) போட்டு, கமக்காரர் இல்லாத பதிவுகளைத் தேடித் திருத்திய பிறகே பட்டியலை வெளியில் கொடுக்க வேண்டும்.