நார்த்தாமலையில் ஒரு காலை

அம்மாவுக்கு நார்த்தாமலை என்றால் முத்துமாரியம்மன்தான். புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் 17 கிலோமீட்டர். அங்கிருந்து உள்ளே திரும்பினால் கோயில். பங்குனித் திருவிழாவில் தேரும் அக்னிக் காவடியுமாக ஊரே நெரியும். சின்ன வயதில் அம்மைபோட்டு இறங்கியதும் தாத்தா அம்மாவை வண்டி கட்டிக் கூட்டிவந்து மாவிளக்குப் போட்டது இங்கேதான். அதன்பின் எத்தனையோ முறை வந்துவிட்டாள். ஆனால் பின்னால் நிற்கும் மலையில் ஒருநாளும் ஏறியதில்லை.

"மேல சாமி இருக்குன்னு தெரியும்டி. யாரு ஏறுறது?" என்பாள்.

திருவிழா இல்லாத ஒரு புதன்கிழமை போனோம். கோயிலில் பத்துப் பேர்கூட இல்லை. அம்மனை நிதானமாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது மணி ஏழுகூட ஆகவில்லை. "வெயில் ஏறுறதுக்குள்ள போயிட்டு வந்துருவோமா?" என்று கேட்டதும், அவளே செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

நார்த்தாமலை ஒரு மலை அல்ல, சிறு குன்றுகளின் கூட்டம். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிப் போனபோது சிந்திய துண்டுகள் என்று ஊரில் சொல்வார்கள். வணிகக் குழுவான நகரத்தார் பேரால் 'நகரத்தார் மலை' என்றிருந்து மருவியது என்பது ஆய்வாளர்கள் சொல்லும் காரணம். அம்மாவுக்கு அனுமனே போதும்.

அந்தக் குன்றுகளில் ஒன்றான மேலமலைக்கு ஒழுங்கான படிக்கட்டு எதுவும் எங்கள் கண்ணில் படவில்லை. வழுவழுவென்று சரிந்து கிடக்கும் மொட்டைப் பாறை, இடையிடையே முள்புதர். மழை பெய்திருந்தால் ஏறவே கூடாது. வழியில் ஒரு சுனை, தலையருவிச் சிங்கம் என்று பெயர். அந்தத் தண்ணீருக்குள், பாறையைக் குடைந்த சிறு கருவறையில் ஒரு லிங்கம் மூழ்கியே இருக்கிறது. நீரை இறைத்தால்தான் தரிசனம். அம்மா கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தே கும்பிட்டாள். "உள்ள குளுகுளுன்னு உக்காந்திருக்காரு, குடுத்து வெச்சவரு."

மேலே சமதளத்துக்கு வந்ததும் விஜயாலய சோழீச்சுரம். பெயரில் சோழன் இருந்தாலும், முதலில் இந்தக் கற்கோயிலைக் கட்டியவர், இந்தப் பக்கத்துச் சிற்றரசர்களான முத்தரையர் குலத்துச் சாத்தன் பூதி என்கிறது கல்வெட்டு. பிறகு மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார். கோயில் மேற்குப் பார்த்தது. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் இடையில் ஓர் ஆள் நடக்கும் அளவுக்கு இருட்டான சுற்று. சுற்றியிருந்த எட்டுச் சிறு சன்னதிகளில் ஆறு மிச்சம். அன்று காவலர் இருந்ததால் கதவு திறந்தது. சூடம், விளக்கு எதுவும் கூடாது என்றார். அம்மாவின் முகம் சுண்டிப்போயிற்று. "விளக்கில்லாமச் சாமியா?" என்று முணுமுணுத்தாலும், கண் இருட்டுக்குப் பழகி லிங்கம் தெரிந்ததும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

கோயிலுக்கு எதிரே பாறைச் சரிவில் இரண்டு குடைவரைகள். பெரியதைச் சமணர் குடகு, அதாவது சமணர் குகை, என்கிறார்கள். இப்போது உள்ளே இருப்பது பன்னிரண்டு விஷ்ணு. ஆளுயரத்தில், சங்கு சக்கரத்தோடு, அச்சில் வார்த்ததுபோல் எல்லாரும் ஒரே மாதிரி நிற்கிறார்கள். கிழக்குப் பார்த்த குகை என்பதால் காலை வெளிச்சம் தாராளமாக உள்ளே வந்திருந்தது. அம்மா ஒவ்வொருவர் முன்னும் நின்று கும்பிட்டு நகர்ந்தாள். ஏழாவதில் எண்ணிக்கை விட்டுப்போய், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வெளியே வந்து, குகைக்கு முன்னாலுள்ள மேடையின் அடிவரியில் செதுக்கிய யானைகளையும் யாளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு அவைதான் அதிகம் பிடித்தன.

சின்னக் குடைவரை பழியிலி ஈஸ்வரம். பல்லவன் நிருபதுங்கவர்மனின் 7ஆம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டில், விடேல்விடுகு முத்தரையன் மகன் சாத்தன் பழியிலி குடைந்தது. கருவறையோடு நின்றுபோன அதற்கு முகமண்டபமும் நந்தியும் நந்திக்கு மண்டபமும் பலிபீடமும் செய்துவைத்தது அவருடைய மகள், பழியிலி சிறிய நங்கை. கல்வெட்டுச் சொல்வதை அம்மாவுக்குச் சொன்னேன்.

"பொண்ணா?"

"ஆமாம்மா. மீனவன் தமிழதியரையனுக்கு வாக்கப்பட்டுப் போனவங்க."

"கட்டிக் குடுத்தப்புறமும் வந்து அப்பன் வேலைய முடிச்சிருக்கா." கொஞ்ச நேரம் பேசவில்லை. "எங்கப்பா இதெல்லாம் பாத்ததில்ல. கீழேயே மாவிளக்க வெச்சிட்டு வண்டிய பூட்டிருவாரு."

சிறிய நங்கையின் மண்டபம் இப்போது இல்லை, தரைமேடை மட்டும் கிடக்கிறது. மாரியம்மன் கோயிலில் கொடுத்த பூவில் பாதியை அம்மா தலையில் வைத்திருந்தாள். மீதி முந்தானையில் முடிந்திருந்தது. அதை அவிழ்த்து மேடையின் ஓரத்தில் வைத்தாள். காவலர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏதோ ஒரு மயில் மட்டும் கீழேயிருந்து விடாமல் அகவிக்கொண்டிருந்தது.

இறங்கும்போதுதான் அவளுக்கு முழங்கால் வலி தெரிந்தது. பாறையில் உட்கார்ந்து உட்கார்ந்து நகர்ந்தாள். கீழே பேருந்து வர முக்கால் மணி நேரம். டீக்கடை பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு, "அந்தப் பொண்ணு பேரு என்ன சொன்ன?" என்றாள்.

சொன்னேன். இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள்.