உப்புத் தண்ணி, பரு, முகம் கழுவுதல்: என் அனுபவம்

கோயம்புத்தூரில் இருந்தவரை முகம் கழுவுவதை ஒரு வேலையாகவே நான் நினைத்ததில்லை. சிறுவாணித் தண்ணியும் ஏதோ ஒரு குளியல் சோப்பும் போதுமாக இருந்தது. வேலைக்காகச் சென்னை வந்து, ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சேர்ந்த சில மாதங்களில் தாடையிலும் கன்னத்திலும் பரு வரத் தொடங்கியது. "இந்த வயசுல பருவா?" என்று ஆபீசில் கேட்காத ஆள் இல்லை.

ஹாஸ்டலில் போர் தண்ணியும் லாரித் தண்ணியும் மாறி மாறி வரும். வாளி விளிம்பில் வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். சோப்பைத் தேய்த்தால் நுரை வராது, கழுவினாலும் பிசுபிசுப்பு போகாது. போகவில்லையே என்று இன்னொரு முறை தேய்ப்போம். கடைசியில் முகம் இழுத்துப் பிடிக்கும். அப்படி இழுத்தால்தான் சுத்தமாகிவிட்டது என்பது எங்கள் மாடியில் எல்லோருடைய நம்பிக்கையும்.

தோல் டாக்டரிடம் போனபோது, முகத்துக்குப் போடும் எல்லாவற்றையும் எடுத்துவரச் சொல்லியிருந்தார்கள். பையை மேஜையில் கவிழ்த்தேன். சோப்பு, வால்நட் ஸ்கிரப், எலுமிச்சை படம் போட்ட ஃபேஸ்வாஷ், அம்மா அரைத்துக் கொடுத்த பயத்தமாவு, ரூம்மேட் கொடுத்த ஒரு டியூப். டாக்டர் முதலில் எடுத்தது அந்த டியூபைத்தான். மடிப்பை நீவிவிட்டுப் பின்னாலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். பீட்டாமெத்தசோன். ஸ்டீராய்டு. இதைப் போட்டால் முதலில் முகம் பளபளக்கும், தொடர்ந்து போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, பருவும் கூடும் என்றார். நான் இன்னும் அதைத் திறக்கவில்லை. ரூம்மேட்டையும் அழைத்துவரச் சொன்னார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவைம்மா முகம் கழுவுவே?"

"அஞ்சாறு தடவை இருக்கும் டாக்டர்."

"அடிப்பிடிச்ச பாத்திரத்தைக்கூட யாரும் அவ்வளவு தேய்க்க மாட்டாங்க."

பருவுக்குத் தண்ணி காரணமில்லை என்று தெளிவாகச் சொன்னார். ஹார்மோன், எண்ணெய்ச் சுரப்பு, அடைபட்ட துளை, அதில் பெருகும் கிருமி, இவைதான் மூலம். தாடையில் வருவதால் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்றும் கேட்டார். தண்ணியும் சோப்பும் செய்வது வேறு வேலை. தோலின் மேற்பரப்பு லேசான அமிலத்தன்மை உள்ளது, பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 5 சுமாருக்கு இருக்கும். சாதாரண சோப்பு 9, 10, அதாவது காரம். அதோடு உப்புத் தண்ணியிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத பிசுக்காகி முகத்திலேயே தங்கும். நாங்கள் இவ்வளவு நாளும் தேய்த்துக்கொண்டிருந்தது அந்தப் பிசுக்கைத்தான்!

சோப்புக்குப் பதில், வாசனை இல்லாத, அதிகம் நுரைக்காத கிளென்சர் ஒன்றை எழுதிக் கொடுத்தார். காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை, நன்றாக வியர்த்தால் இன்னொரு தடவை. இரவில் பருவுக்கான மருந்தாக அடாபலீன் 0.1 சதவீத ஜெல். கர்ப்பமாக இருக்கிறாயா, அந்தத் திட்டம் உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் அதை எழுதினார்.

கழுவும் முறையையும் அவரே சொன்னார். முதலில் கையைக் கழுவ வேண்டும் (இதை யார் செய்கிறோம்?). முகத்தை நனைத்து, கிளென்சரை விரல் நுனியால் அரை நிமிடம் மெதுவாகப் பரப்ப வேண்டும். மூக்கோரம், முடி தொடங்கும் இடம், தாடைக்கு அடியில், இந்த மூன்றும் பொதுவாக விட்டுப்போகும். கழுவும்போதும் இதே இடங்களில்தான் கிளென்சர் தங்கிவிடும். அப்புறம் பருத்தித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். சூடான தண்ணி கூடாது. சென்னையில் மே மாதம் இதைக் கேட்டால் சிரிப்புதான் வரும். மத்தியானம் மாடி டேங்கிலிருந்து குழாயில் வருவதே வெந்நீர். காலையிலேயே ஒரு வாளி பிடித்து ஆறவைத்துக்கொள்ளப் பழகினேன்.

முகம் ஈரமாக இருக்கும்போதே மாய்ஸ்சரைசர். ஜெல் மட்டும் நன்றாகக் காய்ந்த பிறகு, முகம் முழுவதற்கும் ஒரு பட்டாணி அளவு. பருவின் மேல் மட்டும் பொட்டு வைப்பதுபோல வைத்தால் பலன் இல்லை.

உண்மையில் கஷ்டமான பகுதி அதற்குப் பிறகுதான். இரண்டாம் வாரத்திலிருந்து வாயோரம் தோல் உரிந்தது, மூக்கோரம் எரிந்தது, புதிதாகவும் பரு வந்தது. உரிந்து நிற்கும் தோலைப் பார்த்தால் ஸ்கிரப் போட்டுத் தேய்த்துவிடலாமா என்று கை பரபரக்கும். போனில் அம்மா வேறு, "மருந்தெல்லாம் எதுக்கு கண்ணு, பயத்தமாவு போட்டுக் கழுவு, எல்லாம் சரியாப் போயிரும்" என்பார். பயத்தமாவின் மேல் டாக்டருக்குப் பகை ஒன்றுமில்லை. உரிகிற தோலில் எந்த மாவையும் தேய்க்காதே என்பதுதான் அவர் பேச்சு. எலுமிச்சையை மட்டும் எந்த நிலையிலும் முகத்துக்குக் கொண்டுபோகாதே என்றார். அது கடும் அமிலம், போட்டுக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுக்கவும் செய்யும். எரிச்சல் தாங்காதபோது ஜெல்லை ஒருநாள் விட்டு ஒருநாள் போடச் சொன்னார். அது கைகொடுத்தது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும் என்று முதலிலேயே சொல்லியிருந்ததால் விடாமல் போட்டேன்.

இடையில் நானாகக் கவனித்த விஷயம் துப்பட்டா. ஸ்கூட்டியில் போகும்போது முகத்தைச் சுற்றிக் கட்டுவோமே, அதேதான். வாரம் முழுக்க வியர்வையும் புகையும் ஊறிய அதே துணி தாடையை உரசிக்கொண்டிருக்கும். இப்போது தினம் ஒன்று மாற்றுகிறேன். ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்தால் நெற்றியில் பொடிப்பொடியாக வருவதும் அப்போதுதான் பிடிபட்டது. தலைக்குக் குளித்து, கண்டிஷனரை அலசி முடித்த பிறகு கடைசியாக முகத்தைக் கழுவினால் அது குறைகிறது.

பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். இல்லாவிட்டால் பரு போன இடத்தில் கறுப்பு நின்றுவிடும். சன்ஸ்கிரீனோடு தூங்கவும் கூடாது என்பதால், எவ்வளவு அசதியாக வந்தாலும் இரவுக் கழுவலை விட முடியாது. காலையில் அவசரமென்றால் வெறும் தண்ணியோடு நிறுத்திக்கொள்வேன். அதனால் இதுவரை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

பரு இப்போது பெரும்பாலும் அடங்கிவிட்டது. தாடைக் கறுப்பு மெதுவாகத்தான் மங்குகிறது. மாதவிடாய்க்கு முன்னால் ஒன்றிரண்டு இன்னமும் எட்டிப் பார்க்கும். அதற்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம் கொடுத்திருக்கிறார். அது துணியில் பட்டால் சாயத்தை வெளுத்துவிடும். என் நீலத் தலையணை உறையில் திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்துவிட்டது. உங்களுக்கும் அதை எழுதிக் கொடுத்தால் உறையும் துண்டும் வெள்ளையாகவே வாங்கிக்கொள்ளுங்கள்.